கீசருக்குள் வைத்த சிலிண்டர்

ஜூன் 1, ஞாயிறு

பூந்தமல்லியில் அமீருதீன் பாய் கடை. பழைய இரும்புக் குவியலில் கடலுக்கடியில் மூச்சு விடுகிற சாமான் தேடும் பைத்தியம் இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அம்பத்தூர் விஷ்ணுவும் கிளம்பிவிட்டான், எனக்குப் போட்டியாக.

ராயபுரம் பக்கம் மூடிப்போன டைவிங் கம்பெனியின் கிடங்குச் சாமான் வந்திருந்தது. முட்டை வடிவ முகக்கண்ணாடி ஒன்று. ரப்பர் கல்லாகிவிட்டது, வேண்டாம். ஆனால் இரண்டு எஃகு சிலிண்டர்கள்! முதுகில் ஜோடியாகக் கட்டிக்கொண்டு முங்கியவை. கழுத்தில் குத்திய எழுத்துகளைப் பழைய பல் பிரஷால் தேய்த்துப் படித்தேன். பிரெஞ்சு முத்திரை, 1967. திருகைச் சுற்றினேன், காற்று வரவில்லை. இரண்டும் காலி.

மாதத்துக்கு ஒரு பொருள்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது என் மனைவி ஜெபாவின் சட்டம். ஒரு சிலிண்டரை வாங்கிக்கொண்டேன். மற்றதை விட்டு வந்தால் விஷ்ணு தூக்கிவிடுவான். பாய் தொழுகைக்குப் போனதும், உள் டாங்கைக் கழற்றிய ஒரு பெரிய கீசர் கூட்டுக்குள் அதை நுழைத்து, வாயைத் தகரத்தால் மூடி, கீசர் குவியலின் அடியில் தள்ளிவிட்டேன். பழைய சாமான் சேர்க்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதான். ஜூலையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 3

சிலிண்டரில் கால் இடித்துக்கொண்டாள் ஜெபா. "கட்டிலுக்கு அடியிலயாவது தள்ளித் தொலைங்களேன்." தள்ளிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வரிசையாக எழுதினால் நிதானம் வருமா பார்க்கிறேன்.

எந்தப் பொருள் வந்தாலும் அளவும் எடையும் எடுத்து வைப்பது என் வழக்கம். காலையில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறினேன். பிறகு நான் மட்டும் ஏறி, கழித்தேன். கழுத்தில் காலி எடையைக் குத்தி வைத்திருப்பார்கள். அதைவிட மூன்று கிலோ கூடுதலாக வந்தது. வால்வுக்கு ஒரு கிலோ போகட்டும். மீதி?

உள்ளே தண்ணீர் இருக்குமோ என்று சாய்த்து ஆட்டினேன். சத்தமே இல்லை. மறுபடி எடை போட்டேன். அதே கணக்கு.

காற்று. இரண்டு கிலோ காற்று. கிட்டத்தட்ட முழு அழுத்தத்தில், இத்தனை வருடமாக உள்ளேயே அடைந்து கிடக்கிறது. திருகின் தண்டு உள்ளே முறிந்திருக்க வேண்டும், அதனால்தான் சும்மா சுற்றுகிறது. இதன் மேல்தான் ஐந்து இரவு படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

ஜெபாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "முதல்ல வெளியே கொண்டு போங்க" என்றாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில், ஈரச் சாக்கைச் சுற்றிப் படுக்க வைத்தேன். அவளைத் திருவேற்காட்டில் அவள் அக்கா வீட்டில் விட்டேன். திரும்பும் வழியில், சிக்னலில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது.

இன்னொன்று. கீசருக்குள்.

கீசர்களை தப்ரேஸ்தான் வெட்டுவான். பாயின் அக்கா மகன், கேஸ் டார்ச்சில் கைதேர்ந்தவன். கீசரைத் திறந்து பார்க்கவா போகிறான்? படுக்க வைப்பான், நடுவில் தீயை இழுப்பான். தகரம் ஒரு நொடியில் விலகும். அதற்கடுத்து —

எழுத முடியவில்லை.

பாய்க்குப் போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். தப்ரேஸ் நம்பர் என்னிடம் இல்லை. நேரில் போனேன், பூட்டு. பக்கத்துக் கடையில் விசாரித்தேன். பக்ரீத்துக்கு எல்லோரும் ஆம்பூர் போயிருக்கிறார்கள், நாளைக்குக் காலையில்தான் திறப்பார்களாம். அப்படியானால் இன்று யாரும் வெட்டவில்லை. அதுவரைக்கும் கர்த்தருக்கு நன்றி.

ஒரு கேவலமான யோசனையும் வந்தது. காலையில் முதல் ஆளாகப் போய்ச் சத்தமில்லாமல் எடுத்து வந்துவிட்டால்? ஒளித்து வைத்தது பாய்க்குத் தெரியவே வேண்டாமே. போன வருடம் செப்புக் கம்பியைக் குவியலில் ஒளித்து வைத்த ஒருவனை அவர் அதோடு கடைப்படி ஏற விடவில்லை. இப்படிப்பட்ட நேரத்திலும் கடையை இழந்துவிடுவேனே என்று பயப்படுகிறேன். என்ன ஜென்மம் நான்?

ஜூன் 9, திங்கள்

மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்பில் லாரி மாட்டிக்கொண்டு வண்டிகள் நகரவே இல்லை. பைக்கைப் பெட்டிக்கடை ஓரம் போட்டுவிட்டு ஓடினேன். கடை திறந்திருந்தது. கீசர் குவியல் இருந்த இடம் காலி. பின்கட்டிலிருந்து டார்ச் சீறும் சத்தம்.

இரண்டாக வெட்டிய கீசர்கள் ஒரு பக்கம். வெட்டாதவை கொஞ்சம்தான் பாக்கி. தப்ரேஸ் குனிந்திருந்தான். கத்தினேன், கேட்கவில்லை. ஓடிப்போய் கேஸ் சிலிண்டரின் திருகை மூடினேன். தீ அணைந்தது.

"இன்னா அண்ணாத்தே, லூசா நீ?"

"வெட்டாத. அதுல ஒண்ணுக்குள்ள காத்து சிலிண்டர் கீது. ஃபுல்லா கீது." சென்னைக்கு வந்து பதினோரு வருடமாக என் வாயில் வராத மெட்ராஸ் பேச்சு அந்த நேரத்தில் தானாக வந்தது.

"கீசருக்குள்ள அது எப்டி போச்சு?"

"நான்தான் வெச்சேன்."

பாயும் வந்துவிட்டார். மூன்று பேரும் ஒவ்வொரு கீசராகத் தூக்கிப் பார்த்தோம். எடை காட்டிக்கொடுத்துவிட்டது. தப்ரேஸ் அடுத்து வெட்டுவதற்காகக் காலுக்கருகே உருட்டி வைத்திருந்ததுதான் அது. தகரத்தைப் பிரித்து உள்ளே பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

பாய் என்னை எப்போதும் ஜஸ்டின் சார் என்பார். இன்றுதான் முதல் தடவை "நீ" என்றார். "உன்ன ஊட்டு ஆளா நெனச்சேன். அதீபா மாசமா கீறா, தெரியுமா உனக்கு? இவன் பொண்டாட்டி. நான் அவளுக்கு இன்னா பதில் சொல்லியிருப்பேன்?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் ஒளித்திருக்க மாட்டேனா?

ஜூன் 11

அம்பத்தூர் எஸ்டேட்டில் சிலிண்டர் சோதிக்கிற பட்டறைக்காரர்கள் வந்து இரண்டையும் கொண்டுபோனார்கள். துளை போட்டுக் காற்றை இறக்கிவிட்டார்கள். இரண்டாவதும் நிறைந்துதான் இருந்ததாம், அதன் திருகும் முறிந்தபடி. கிடங்கு மூடும் முன் யாரோ நிரப்பி வைத்தது. "அந்த ரெண்டு ஓட்டை சிலிண்டரையும் என்ன சார் பண்றது?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஜெபா திரும்பிவிட்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்குக் கோபம் சிலிண்டர் மேல இல்ல. யாரோ தூக்கிடுவான்னு ஒளிச்சு வச்சீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஜூன் 19

ஆபீஸில் கூட்டம் நடக்கும்போது கீழே எங்கோ தகரம் விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் 24

நான் சேர்த்து வைத்திருந்த முகக்கண்ணாடிகள், காலில் மாட்டும் துடுப்புகள், மூச்சுக் குழாய்கள் எல்லாவற்றையும் விஷ்ணுவுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "என்ன மச்சான், நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டான்.

ஜூலை 9

பாயிடமிருந்து போன்.

"தப்ரேஸ் டார்ச்ச எடுக்க மாட்டேன்றான். மூடி கீற சாமான்னா கிட்டவே போவல. வேற ஆள் வெச்சா ரோஷம் வருது அவனுக்கு. இன்னா பண்ணலாம்னு கேட்டேன். நீங்க பக்கத்துல நின்னா வெட்றானாம்."

"எடை போட்டுப் பார்க்கச் சொல்றானா பாய்?"

"அதுவும்தான். வெட்டி முடிக்கிற வரிக்கும் நிக்கணுமாம்."

அது நியாயம்தான். ஆனால் பயமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஜெபாவிடம் சொன்னேன். இருந்த பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். பிறகு, "போங்க" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

பழைய தீயணைப்பு சிலிண்டர்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பாயின் தராசில் ஏற்றி, குத்திய எடையோடு ஒப்பிட்டு, வால்வைக் கழற்றி, உள்ளே கம்பி விட்டுப் பார்த்தேன். எல்லாம் காலி. மறுபடியும் பார்த்தேன். "காலி" என்று சொல்ல நாக்கு எழவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

தப்ரேஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நான் சுவர் ஓரமாக ஒதுங்கினேன்.

"கிட்ட வா அண்ணாத்தே."

போய் அவன் தோளை ஒட்டி நின்றேன். அவன் டார்ச்சைப் பற்ற வைத்தான்.