இரண்டாவது கிளாஸைப் பற்றி ஜெனிக்கு

என் ஜெனிக்குட்டிக்கு,

பீர் குடித்துவிட்டேன்டி. முக்கொம்பில் பன்னீர் சோடா பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நீ தள்ளாடி நடித்தாயே, அப்படி இல்லை. நிஜமான பீர். பெங்களூரில், காலை பதினோரு மணிக்கு, வேலைக்கான நேர்முகத் தேர்வில்.

சிரிக்காதே. தாங்களே பீர் காய்ச்சி அங்கேயே விற்கிற சின்ன கம்பெனி. லேபுக்கு நம்மைப் போல மைக்ரோபயாலஜி படித்த ஆள் வேண்டுமாம். என்னோடு இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். எதிரே மேனேஜர் மேடமும், பீரைக் காய்ச்சிய சேலத்துக்காரரும். ஆளுக்கு மூன்று கிளாஸ். குடித்துப் பார்த்து ஒவ்வொன்றும் எப்படி என்று சொல்ல வேண்டும்.

முதல் கிளாஸ் கசந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். இரண்டாவது கோதுமை பீர். மூக்கருகே கொண்டுபோனதும் தூக்கிவாரிப்போட்டது. பழுத்த பூவன்பழம், ஜெனி! காந்தி மார்க்கெட் வாழை மண்டியில் தார் சுமந்துவிட்டு வரும் அப்பாவின் சட்டை வாசனை. அந்தச் சட்டைக்காகத்தான் காலேஜ் கேட்டுக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அதற்காக நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோதுமை பீரில் அந்த வாசனை இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். ஆனால் இதில் ஒரு நெடி இருந்தது. மண்டியில் புகைமூட்டம் போட்டுக் காயைப் பழுக்க வைக்கும் அறையில் சூடு கூடிப்போனால் வருகிற நெடி.

பையன்கள் இருவரும், "சூப்பர் சார், செம ஸ்மூத்" என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் காதில் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். மூன்று வருடம் நான் முணுமுணுக்க, நீ எழுந்து, "இவ என்ன சொல்றான்னா மேடம்" என்று சொன்ன பழக்கம். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால்கூட, "ரெண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட்" என்று எனக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டவள் நீ. கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதன் பிறகு நான் யாரிடம் எதை முழுதாகச் சொன்னேன்?

பக்கத்தில் காலி நாற்காலிதான் இருந்தது.

"ரெண்டாவது சரியில்லைங்க சார்" என்றேன். என் குரல்தானா அது?

சேலத்துக்காரருக்குச் சுருக்கென்றது. "இதுவரைக்கும் எத்தனை பீர் குடிச்சிருக்கீங்கம்மா?"

"இதுதான் சார் முதல் தடவை."

பையன்கள் சிரித்தார்கள். நான் கிளாஸை இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

"ஆனா வாழைப்பழம் தெரியும் சார். எங்கப்பா மண்டியில தார் தூக்குறாரு. இது சூடு ஏறிப் பழுத்த வாசனை. நொதிக்கும்போது சூடு கூடியிருக்கணும்."

மேடம் அந்தப் பீர் காய்ச்சிய நாட்களின் பதிவு நோட்டைப் புரட்டினார். சேலத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்குக் கூலிங் நின்னு போச்சு மேடம். ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."

வேலை எனக்குத்தான்.

வீட்டில் அம்மா வழியாகச் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்ப்பா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மடக்கு. இனிமே அதுவும் வேலைதான்."

"இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"உங்க மண்டி வாசனை தெரிஞ்சதாலதான்ப்பா வேலையே கெடச்சுது."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மூன்று நாளாகப் பேச்சில்லை. அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நீயாக இருந்தால் இன்னும் பக்குவமாகச் சொல்லியிருப்பாயோ?

ஞாயிற்றுக்கிழமை ரயில். அப்பா ஸ்டேஷனுக்கு வருவாரா தெரியாது. வராவிட்டாலும் ஏறுவேன். எங்கே வேலை என்று நம் தெருவில் கேட்டால் "லேப்ல" என்று பாதியில் நிறுத்த மாட்டேன். பீர் கம்பெனி என்று சொல்வேன். அப்பா என்ன செய்கிறார் என்று பெங்களூரில் கேட்டால், தார் சுமக்கிறார் என்று சொல்வேன். இரண்டையும் ஒரே குரலில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, ஜெனி.

வேறு வீட்டில் பிறந்த உன் தங்கச்சி,
தமிழ்ச்செல்வி