ஆடிக்கு அழைக்க வந்த தாம்பாளம்

அத்தை,

இன்று சாயங்காலம் காற்று உங்கள் தாம்பாளத்தைக் கீழே தள்ளிவிட்டது. மொட்டைமாடியில் அம்மா அதில்தான் மிளகாய் காய வைத்திருந்தாள். அது படி படியாக உருண்டு வந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அப்பா கூடத்தில் நின்று கடைக்குப் போட்டுப்போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். தட்டுதான் விழுந்தது என்று தெரிந்த பிறகு, தலை அரித்தது போலச் சொறிந்துகொண்டே கைகளை இறக்கினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு ஆடி ஒன்று.

அம்மா உள்ளறையில் தூங்குகிறாள். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரலளவு திறந்துவைத்து, அந்தக் கீற்று வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும், என் பேனா நின்றுவிடும். வெளியே காற்று மட்டும் யாருக்கும் பயப்படாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பக்கமிருந்து வந்து, தெருவில் இருக்கிற எல்லாத் தகரத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கண்ணை மூடினால் அந்தக் காற்றோடு நீங்கள் நத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறீர்கள். இடது கக்கத்தில் மஞ்சள் பை. வலது கையில், துணி போட்டு மூடிய தாம்பாளம்.

போன வருடம் அப்படித்தான் வந்தீர்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் மாம்பழக் கூடையைக் கொடுக்க வந்திருந்தீர்கள். அப்பா கூடையை வாங்கித் தூக்கியபோது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. எந்த வெயிலிலும் அவர் முழுக்கை சட்டைதான் போடுவார். ஜவுளிக்கடையில் நிற்கிறவர் டிப்டாப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வார். தெருவும் அதை நம்பியது.

"என்னலே கையில?" என்று கேட்டீர்கள்.

"இஸ்திரிப் பெட்டி பட்டுருச்சுக்கா."

"ரெண்டு கையிலயுமா?"

அப்பா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். நீங்கள் செத்த நேரம் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது கொதிக்கிற கஞ்சி ஊற்றிய காயம் என்று எனக்குத் தெரியும். அப்பா என்னிடம், "அம்மாவுக்கு மில்லுல வேலை ஜாஸ்திம்மா, யார்கிட்டயும் சொல்லிக்கிறாத" என்று சொல்லியிருந்தார்.

பிறகு ஆடிக்கு முதல்நாள் தாம்பாளத்தோடு வந்து நின்றீர்கள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே, நாலு பேர் பார்க்கிற மாதிரி நின்று துணியை எடுத்தீர்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், சிறுமலை வாழைப்பழம், ஒரு வேட்டி, அதன்மேல் ஒரு அரைக்கைச் சட்டை. எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு சீப்பு.

அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "யாருக்கு மதினி இம்புட்டு வரிசை?"

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு. ஆடிக்கு அழைக்க வந்திருக்கேன் தாயி."

எதிர்வீட்டுக்காரம்மா கோலமாவுக் கையோடு வந்துவிட்டார். "ஏன்க்கா, ஆடிக்குப் பொண்ணைத்தான கூப்பிடுவாக. அதுவும் புதுசாக் கட்டிக்குடுத்த பொண்ணை. இவருக்குப் பத்தாவது படிக்கிற மக இருக்கு."

"கல்யாணமான வருசம் கூப்பிட மறந்துட்டோம். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே. பொம்பளைப் பிள்ளைய மட்டுந்தான் பெத்தாளா எங்கம்மா? இவன் என்ன தவிட்டுக்கு வாங்கினதா?" என்றீர்கள். "பூவுக்குப் பதிலாத்தான் என்ன வைக்கிறதுன்னு தெரியல. சீப்பு வச்சிருக்கேன்."

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் வெற்றிலை பாக்கோடு வந்த தட்டை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரியும். அத்தனை பேர் பார்க்கும்போது அவளால் முடியாது. "கூட்டிட்டுப் போங்க மதினி, எனக்கும் ஒரு மாசம் சோறாக்குற வேலை மிச்சம்" என்றாள். உள்ளே அப்பா பையில் துணி வைத்தபோது அம்மா அவர் காதருகே போய், "அங்க போயி என்ன ஓதுறேன்னு பாக்குறேன்" என்று சொன்னதை நான் கேட்டேன். என் பையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அத்தை வீட்டுக்குப் பிள்ளையும் வரும் என்று யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் கையில் அந்தத் தாம்பாளத்தில் பாக்கு உருண்டுகொண்டே இருந்தது. கடகடவென்று மெல்லிய சத்தம். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்தேன்.

போகிற வழியில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏன்க்கா இப்படி மானத்தை வாங்குற?" என்றார்.

"மானம் போனா அடுத்த பஸ்ஸுல வந்துரும். உசுரு வருமாலே?"

பஸ் புளியமரங்களுக்கு நடுவே போயிற்று. நிழலும் வெயிலும் மாறி மாறி அப்பாவின் முகத்தில் விழுந்தன. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு ஒரே கனவாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. நத்தத்தில் நீங்களும் அப்பாவும் பிறந்த அந்த வீட்டில், அப்பா தூங்கினார். வந்த அன்று மத்தியானம் சாய்ந்தவர் மறுநாள் வெஞ்சனம் தாளிக்கிற வாசனைக்குத்தான் கண் திறந்தார். நீங்கள் சத்தம் போடாமல் நடந்தீர்கள். உங்களிடம் மாங்காய் வாங்க வந்தவர்களைக்கூட வாயில் விரல் வைத்துத் தெருவுக்கு அனுப்பினீர்கள். கூடையில் வைக்கோலுக்கு அடியில் கடைசிக் காய்கள் பழுத்துக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்குள் அப்பா மூழ்கி, மிதந்து, மறுபடி மூழ்கிக்கொண்டிருந்தார். இரண்டொரு நாளில் அரைக்கைச் சட்டை போட்டார். காயத்துக்குக் காற்று பட்டது.

தினமும் காலையில் நானும் அவரும் முதல் பஸ்ஸில் திண்டுக்கல் வருவோம். எனக்குப் பள்ளி, அவருக்குக் கடை. பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்குவேன். சாய்ந்தால் அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தோளில் சாயலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

நீங்கள் போன் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கனவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருந்த பெண்களுக்கான உதவி எண்ணை நீங்கள் மனப்பாடம் செய்து வந்திருந்தீர்கள். கவிழ்த்த கூடைமேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டீர்கள். "ஆம்பளைக்கு எவன் எழுதிப் போட்டான் சுவத்துல" என்று முணுமுணுத்தீர்கள். மறுமுனையில் ஒரு அக்கா பேசினார். உடனே நீங்கள் குரலை மாற்றிக்கொண்டீர்கள்.

"அம்மா, என் வீட்டுக்காரரு என்னை அடிக்கிறாருமா."

அப்பா திடுக்கிட்டார். மாமா இறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே என்று நான் முழித்தேன். நீங்கள் கையமர்த்திவிட்டு, அப்பாவுக்கு நடந்ததையெல்லாம் உங்களுக்கு நடந்ததாகச் சொன்னீர்கள். கஞ்சி, கரண்டி, நகம், வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்து எங்கெங்கே காயம் என்று சொன்னீர்கள். "வெளிய சொன்னா பிள்ளையப் பாக்கவே முடியாதுன்னு மிரட்டுறாருமா. யாரும் நம்பமாட்டாகளாம்."

அந்த அக்கா அவசரப்படவில்லை. "நான் நம்புறேன்மா. உங்க மேல தப்பு இல்ல. அடி வாங்குறது யாருக்கும் அவமானம் இல்ல, அடிக்கிறதுதான் அவமானம்" என்றார்.

உங்களுக்குச் சொன்னதுதான் அது. ஆனால் அப்பா வேட்டி நுனியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. யாரும் அதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"வீட்ல பிள்ளைங்க இருக்காங்களா? அவங்க பாக்குறாங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களால் அதற்குமேல் நடிக்க முடியவில்லை. "அம்மா, மன்னிச்சிருங்க. அடி வாங்குறது நானில்ல. என் தம்பி. உங்க நம்பரு பொம்பளைகளுக்குன்னு போட்டிருந்துச்சு. அதான் பொய் சொன்னேன்."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"தம்பி பக்கத்துல இருக்காரா? பேசச் சொல்லுங்க" என்றார் அந்த அக்கா. "சார், இப்ப அக்காகிட்ட சொன்னேன்ல, அதெல்லாம் உங்களுக்கும் சேத்துத்தான்."

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டி, இஸ்திரிப் பெட்டி என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதை எழுதி வைப்பார்கள். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி இருக்கிறது, சம்பளம் குறைவென்றால் ஆண்களுக்கும் உண்டு. பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும்போது கோர்ட்டில் பிள்ளையிடமும் கேட்பார்கள். கடைசியில், "பாப்பா இருக்கியா?" என்று என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கென்று ஒரு இலவச எண் இருக்கிறது, வீட்டில் யார் யாரை அடித்தாலும் பயமாக இருந்தால் நானே கூப்பிடலாம் என்றார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

போனை வைத்ததும் நீங்கள், "பாத்தியாலே, உனக்கு நம்பரு இல்லைன்னு நெனச்சேன். உம்மக கையில இருக்கு" என்றீர்கள்.

"கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா சிரிப்பாங்கக்கா" என்றார் அப்பா.

"ஆடிக்கு அழைக்க வந்தப்பயும்தான் சிரிச்சாக. அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான நடந்து வந்தோம்?"

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளதைச் சொன்னார். சட்ட உதவிக்கு மட்டும் ஆவணி வரட்டும் என்றார். ஆவணியில் அம்மாவே நத்தம் வந்தாள். உங்கள் மடியில் தலை வைத்து அழுதாள். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்றாள். அவள் பொய்யாக அழவில்லை, அத்தை. எனக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வந்தோம். தாம்பாளமும் வந்தது. நத்தம் வீட்டுச் சாவி ஒன்றை நீங்கள் என் கையில் வைத்து அழுத்தினீர்கள்.

மார்கழியில் வந்த காய்ச்சல் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உங்களைத் தூக்கியபோது அம்மா வாசல்வரை ஓடி வந்து அழுதாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அப்பா மறுபடி முழுக்கை சட்டைக்கு மாறினார்.

இன்றைக்கு நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. படியில் சிந்திய மிளகாயைப் பொறுக்கச் சொன்னாள் அம்மா. அப்பா குனிந்தார். அம்மா அந்தத் தாம்பாளத்தை எடுத்து அவர் முதுகில் அடித்தாள். திரும்பத் திரும்ப. ஒரு ஓரம் வளைந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டு கையில்தான் இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "வா, தலை சீவி விடுறேன்" என்றாள். உட்கார்ந்தேன். சிக்கெடுத்து, வலிக்காமல், அவ்வளவு மெதுவாகச் சீவினாள். அம்மாவை எனக்குப் பிடிக்கும், அத்தை. அவளுக்கும் யாராவது வந்து, நீ செய்வது இது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதுவரை அப்பா இந்த வீட்டில் இருக்கக்கூடாது. நானும்.

அம்மா காலை ஷிப்டுக்கு விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். நத்தம் பஸ் அதற்குப் பிறகுதான். போகிற வழியில் நான் அந்த எண்ணைக் கூப்பிடுவேன். இன்னும் மறக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒருமுறை எழுந்து போனேன். தாம்பாளத்தைச் சத்தமில்லாமல் துடைத்தேன். சாமி மாடத்திலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்தேன். இரண்டு பழம். பீரோவின் அடியில் கிடந்த அந்த அரைக்கைச் சட்டை. அந்தச் சீப்பு. திரும்பினால், கூடத்தில் அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"யாருக்கும்மா தட்டு?" என்று காற்றைப் போலக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு. ஆடிக்கு அழைக்க வந்திருக்கேன்."

உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது. பிறகு அப்பா கையை நீட்டி, தட்டிலிருந்த சீப்பை எடுத்து, இருட்டிலேயே தலையைச் சீவிக்கொண்டார். சீவி முடித்து அதை மறுபடி தட்டில் வைத்தார்.

உங்கள் சாவியை என் பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை. தாம்பாளத்தைக் கையில் எடுத்தபோது பாக்கு கடகடவென்று உருண்டது. அன்றைக்கு அது பஸ் அலுப்பு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் இப்படித்தான் நடுங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

பாக்குக்கு அடியில் அப்பாவின் அரைக்கைச் சட்டையை மடித்து வைத்துவிட்டேன். இப்போது உருளவில்லை.