அம்மன் அப்படிச் சொன்னாளா, அப்பா?

பாசத்துக்குரிய அப்பா,

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியைத் திறந்துவிட்டோம். நீங்கள் கண்மூடிய பிறகு போட்ட முதல் பூசை. சாமி கும்பிட்ட கையோடு, அம்மன் உங்களுக்குக் காட்சி கொடுத்த கதையை முதலாளி வாயால் கேட்டால்தானே நம் பெண்கள் வெடிமருந்து அறைக்குள் காலை வைப்பார்கள்? இந்த வருடம் அதை நான் சொன்னேன். கையைக்கூட உங்களைப் போலவே உயர்த்தினேன். அப்போதே எனக்குக் கூசியது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 'கம்பெனி வருவதற்கு முன்னால் இந்தப் பொட்டல்காட்டில் ஒரு வெளிச்சம் பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது' என்று மட்டும்தான் சொன்னீர்கள். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்த வெளிச்சத்துக்குள் சிவப்புச் சேலையில் அம்மன் நின்றாள். ஆர்டர் பெருகி, கோயிலை எடுத்துக் கட்டிய பிறகு அவள் பேசவும் தொடங்கிவிட்டாள். நம் கோயில் வேப்பமரத்தடியில் நின்று, 'இங்கே ஒரு பொறி விழாது, நான் காவல்' என்றாளாம். எதுதான் நடந்தது? நினைவு தடுமாறியதா, நீங்களாகச் சேர்த்துச் சொன்னீர்களா?

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த வேம்பு நான் வச்சதுடி. கம்பெனி ஆரம்பிச்சு, கோயிலும் கட்டுனப்பெறகு வச்சேன். அதுக்கடியில அவுக எப்படி அம்மனப் பாத்தாக?"

"பெறகு ஏம்மா இம்புட்டு நாளும் சொல்லல?"

"கும்பிடுற எடத்துல போயி புருசன மறிச்சுப் பேசவா? நல்லதுதான சொல்றாகன்னு இருந்துட்டேன்."

நானும் அப்படியே இருந்துவிடத்தான் பார்த்தேன். உங்கள் பெயரைச் சொன்னால் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மகளே எப்படி வாயைத் திறப்பது?

நேற்று மத்தியானம் ஆனைக்குட்டம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடி இடித்தது. இடி கேட்டால் போட்டது போட்டபடி மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்துக் கம்பெனி ஆட்களெல்லாம் வெளியே நின்றார்கள். நம் பெண்கள் மட்டும் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மாரியக்கா சாவகாசமாக வெடிக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருக்கிறார்.

"எந்திரிச்சு வாங்கக்கா" என்று கத்தினேன்.

"ஏன் பாப்பா பதறுறீக? இங்கன பொறி விழாதுன்னு அம்மன் வாக்குக் குடுத்திருக்கால்ல. பூசையன்னைக்கு நீங்கதான சொன்னீக."

கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மழையில் நனைந்துகொண்டே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறேனே என்று வெட்கம். இத்தனை உயிரை ஒரு பேச்சை நம்பி உள்ளே உட்கார வைத்துவிட்டோமே என்று அதைவிடப் பெரிய வெட்கம்.

அந்த வெளிச்சத்தை நான் மறுக்கவில்லை அப்பா. அந்தக் காலத்தில் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தணிந்துவிடும். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது மட்டும் போதாது என்று ஏன் நினைத்தீர்கள்?

நாளைக் காலை வேன் வந்ததும் எல்லாரையும் கோயில் முன்னால் நிறுத்தி, அம்மன் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மாரியக்கா என்னை ஏசினாலும் ஏசுவார். உங்களைப் பொய்யர் என்று யாராவது சொன்னால், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வேன். ஆனால் சொல்லி முடிக்காமல் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் முகச்சாடையோடு அங்கே நிற்கப்போகிற மூத்த மகள்,
செல்வி