ஏர் ஃபில்டர் இல்லாமல் கிளப்பிய கார்

மன்னார்குடி, தை, ஞாயிறு இரவு.

எழுத வேண்டியவை:
1. காரில் தீப்பிடித்தது.
2. ஏர் ஃபில்டரை மாட்டாதது என் தவறு.
3. காரை விற்றுவிட வேண்டும். சாவியைத் திருப்ப இனி ஆள் இல்லை.

ஒரு வாரம் நின்றால் இந்தப் பழைய கார் லேசில் கிளம்பாது. கார்பரேட்டரை மூடியிருக்கும் ஃபில்டரைக் கழற்றி, அதன் வாயில் துளி பெட்ரோல் விட வேண்டும். என் மனைவி விசாலம் இருந்தவரை, நான் ஃபில்டரைத் திரும்ப மாட்டிக் கைகாட்டிய பிறகே சாவியைத் திருப்புவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் நான்தான். கிளம்பாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டுமே என்று ஃபில்டரை மாட்டாமலே கிளப்பப் பழகிவிட்டேன். இஞ்சின் திருப்பி அடித்து நெருப்பைக் கார்பரேட்டர் வழியாகத் துப்பினால், அதை உள்ளேயே தடுப்பது ஃபில்டர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

இன்று திருப்பி அடித்தது. கார்பரேட்டர் வாயிலிருந்து தீ எழும்பியது. எதிர்வீட்டு அரிசிக் கடை பஷீர்தான் ஈரச் சாக்கோடு ஓடிவந்து அமுக்கினார்.

“என்ன சார், காருக்குப் போகியா? அதான் போன வாரமே முடிஞ்சிடுச்சே!”

சிரிக்க முயன்றேன். நான் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“ஒரு குரல் குடுத்தா வரமாட்டேனா சார்? சாவியைத் திருப்ப லைசென்ஸா வேணும்?”

“உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு...”

“நல்லா இருக்கு. இப்ப மட்டும் தொந்தரவு இல்லையாக்கும்!”

அடுத்த ஞாயிறு கடை திறக்குமுன் வருகிறாராம். விசாலம் உட்கார்ந்த இடத்தில் உட்காருவார். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு. ஆள் இருந்திருக்கிறார். நான்தான் கூப்பிடவில்லை.