கார்டு இல்லாதவங்க இருமுங்க

துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ரங்கத் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைத் துரத்திய என் செல்ல அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நம் வீட்டுத் துடைப்பம் தரையை மட்டும்தான் பெருக்குகிறது. அதற்கே ரொம்பப் போரடிக்கிறது போல.

தங்கச்சி பவிக்கு மூச்சு இழுப்பு இன்னும் நிற்கவில்லை. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கார்டு இல்லாமல் அப்பாவின் கொத்தனார் கூலியில் அது நடக்குமா?

அந்தக் கார்டுக்காக நீ ஏறி இறங்கிய அதே ஆபீசுக்கு இப்போது அப்பா போகிறார். அதே ஜன்னல், அதே பாட்டு. "பச்சி கா நாம் ராஷன் கார்டு மே நஹி ஹை." குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் இல்லையாம். எப்படி இருக்கும்? ரேஷன் கார்டு பரமக்குடியில், பவி பிறந்தது இங்கே அந்தமானில். ஊருக்குப் போன் போட்டால் சித்தப்பா விசாரித்துவிட்டுச் சொல்கிறார்: "அங்கனதான இருக்கீக, அங்கனயே கேளுங்கன்றாக."

அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால், தினமும் என் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு தூங்குகிறவள் யாராம்?

போன வாரம் பள்ளியில் விழா. ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்து, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தாகிவிட்டது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கார்டு இல்லாதவங்க இருமுங்க. அடுத்த ஆளுக்குச் சொல்லு" என்று பக்கத்துப் பெண்ணின் காதில் போட்டேன். அது ஹிந்தியாகி, வங்காளமாகி, தெலுங்காகிக் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.

அப்புறம் பார்க்கணுமே! முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு மூலைக்கு மூலை. வசதியான வீடு என்று நான் நினைத்திருந்த மளிகைக் கடைக்காரர் மகள்கூட இருமினாள். இத்தனை பேரா என்று எனக்கே திக்கென்றது.

அதிகாரி சிரித்தார். "பாரிஷ் கா மௌசம்!" மழைக்காலமாம், சளியாம்.

டீச்சர் முறைத்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒருத்தி மட்டும் நிறுத்தவில்லை. நம் பவி. அவளால் நிறுத்த முடியவில்லை, அம்மா. மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொண்டு அவள் இருமுவதையே கேட்டது. நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன்.

"பானி தோ" என்றார் அதிகாரி. கார்டு கேட்டால் தண்ணீர் தருகிறார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

திங்கட்கிழமை அப்பாவோடு நானும் அந்த ஜன்னலுக்குப் போகிறேன். அன்று இருமியவர்களில் பாதிப் பேர் அம்மா அப்பாவோடு வருகிறோம் என்றிருக்கிறார்கள். இந்தத் தடவை விளையாட்டு கிடையாது. பவியின் பெயரைத்தான் முதலில் சொல்வேன். அதை எழுதிக்கொள்ளும்வரை நகர மாட்டேன்.

நீயே துடைப்பத்தோடு வந்து துரத்தினாலும் ஓட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மூத்த வாலு,
பவியின் அக்கா