கையைச் சுட்ட பிஸ்கோட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் வணக்கத்துடன் எழுதச் சொல்வது. எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். எழுதுபவர் என் அறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

நான் நலம். இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவரிடம் ஒரு டப்பா இருக்கும். அதில் நானே செய்த பிஸ்கோட்டி என்ற இத்தாலி பிஸ்கட். மாவை நீளமாக உருட்டி, ஓவனில் சுட்டு, துண்டு போட்டு, மறுபடியும் சுட வேண்டும். ஈரமே இல்லாததால் சீக்கிரம் கெடாது. உங்கள் பல்லை நம்பிக் கடித்துவிடாதீர்கள், காப்பியில் நனைத்துச் சாப்பிடுங்கள். இரண்டாம் தடவை எடுக்கும்போது தட்டு கையில் லேசாகப் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

டிரைவர் திரும்பும்போது உங்கள் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்புங்கள். அடுப்படி துடைக்கத்தான். துவைத்துத்தான் தர வேண்டும் என்றில்லை.

கீழே டிரைவர் ஹாரன் அடிக்கிறார். முடிக்கிறேன்.

உங்கள் மகன்

அம்மா, உறையை ஒட்டுமுன் எலக்ட்ரீஷியனாகிய நான் எழுதுகிறேன். "லேசாப் பட்டுச்சுன்னு எழுதுங்கண்ணே, அம்மா தாங்கமாட்டாங்க" என்றான். மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருக்கிறது. பத்து நாளில் ஆறிவிடும் என்றார் டாக்டர். சோறு பிசைந்து கொடுக்க நான் இருக்கிறேன், பயப்படாதீர்கள். சூடு பட்டவுடன் தட்டைக் கீழே போட்டிருந்தால் கை தப்பியிருக்கும். மேசைவரை கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் "அம்மா!" என்று கத்தினான். ஒரு துண்டுகூட உடையவில்லை.