நீ பிடுங்கிய கலவன்

இன்று காலை வயலில் ஒரு நெற்குத்தைப் பிடுங்கினேன். மற்றவற்றுக்கு முன்னாலேயே கதிர் முற்றிவிட்ட கலவன், விதையில் கலந்து வந்த வேற்று நெல். வேரோடு வந்த சேற்று வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் ஞாபகம், வேறென்ன?

பூதலூரில் உன் அப்பாவின் உயரமான சம்பா நெல், கார்த்திகை மழையில் இரண்டு வருடம் படுத்து முளைத்துப் போனதால்தான் நீ இந்த ஆராய்ச்சிக்கே வந்தாய். அந்த நெல்லையே படுக்காத குட்டையாக்க, உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுவில் சின்னதாக ஒரு வெட்டு. வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. அதற்கே நாம் ஒன்றரை வருடம் முட்டி மோதினோம். வலைக்கூடத் தொட்டியில் நின்ற அத்தனை செடிகளில் பதினேழாம் எண்ணில் மட்டும் வெட்டு சரியாக விழுந்திருக்கிறது என்று ஒரு காலையில் முடிவு வந்தது. சொல்ல ஓடி வந்தேன்.

தண்ணீர் ஊற்றப் போயிருந்த நீ, சேற்றுக் கையோடு எதிரே வந்தாய். விதைநெல் வளர்த்த வீட்டுப் பெண்ணின் கை சும்மா இருக்குமா?

"தொட்டில குட்டையா ஒரு கலவன் நின்னுச்சுடி. கை தானா போயிடுச்சு. புடுங்கிட்டேன்."

"எந்த நம்பர்?"

"பதினேழு."

"அது குட்டையாத்தாண்டி இருக்கணும்!"

உன் முகம் போன போக்கு! ஓடிப்போய், வாளியில் கிடந்ததை எடுத்துத் திரும்பச் சேற்றில் ஊன்றினாய். அழுதுகொண்டே என்னை அதட்டவும் செய்தாய்: "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற? நெல்லப் புடுங்கித்தானே நடுறோம்? பொழைக்கும்." ஐந்து நாள் உன் குடை அதற்குத்தான். ஆறாம் நாள் புதுக்குருத்து வந்தபோது நீ போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகமே கூடிவிட்டது.

அதன் விதையைக் கையில் வாங்கிப் பார்த்தாய். வயலில் பார்க்கத்தான் நோய் உன்னை விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று உன் அப்பாவை வரச் சொல்லியிருந்தேன். நான்கு நாள் மழையில் பக்கத்துப் பாத்தியின் பழைய நெல் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. பதினேழின் பிள்ளைகள் கதிரோடு நின்றன. வரப்பு நெடுக நடந்து பார்த்தவர், "இத மொதல்ல யாரும்மா கண்டது?" என்றார்.

"உங்க பொண்ணுதாம்ப்பா. கண்டதும் புடுங்கிட்டா."

முழுக்கதையும் சொன்னேன். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நாந்தாம்மா அவளுக்குக் கலவன் புடுங்கக் கத்துக்குடுத்தேன்."

"நடவும் நீங்கதானேப்பா கத்துக்குடுத்தீங்க" என்றேன்.

அவரிடமிருந்து உனக்கு வந்தது, உன்னிடமிருந்து எனக்கும் வந்துவிட்டது. ஆய்வகத்தில் எந்தச் செடி வாடிப்போனாலும், இன்னொரு தடவை ஊன்றிப் பார்க்காமல் நான் குப்பையில் போடுவதில்லை.